திரையில் வரைந்து துணியில் தைப்பது: சொந்த வடிவமைப்பில் ஒரு குவில்ட்

பன்னிரண்டு அங்குலச் சதுரம் ஒன்றைக் கணினியில் வரைந்து, அதை நான்குக்கு நான்கு என்று பதினாறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் 3 அங்குலத் துணி என்று வெட்டித் தைத்தால், கைக்கு வருவது பத்தரை அங்குலச் சதுரம்தான். பக்கத்துச் சதுரங்களோடு அதை இணைத்த பிறகு பத்து அங்குலமே மிஞ்சும். திரையில் இரண்டு நிறங்கள் சந்திக்கும் கோட்டுக்கு அகலம் இல்லை. துணியிலோ அதே கோடு இருபுறமும் கால் கால் அங்குலத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது; இதைத்தான் உள்பிடிப்பு என்கிறேன். மென்பொருளின் துணையோடு குவில்ட் தைக்கத் தொடங்குபவர்கள் படும் சிரமங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே வருகின்றன என்பதை நான் அனுபவத்தில் கண்டிருக்கிறேன். ஆகவே இங்கே இரண்டு அளவுகளைத் தனித்தனியாகவே குறிப்பிடுகிறேன். தைத்து முடித்தபின் கண்ணுக்குத் தெரியும் அளவை முடிந்த அளவு என்றும், கத்தரிக்கும்போது வேண்டிய அளவை வெட்டு அளவு என்றும் சொல்லப்போகிறேன். வரைவது எப்போதும் முடிந்த அளவில்தான். இரண்டுக்கும் இடையிலுள்ள கணக்கை வரைந்து முடித்த பிறகு போட்டுக்கொள்ளலாம்.

குவில்ட் என்பது மூன்று அடுக்குகள் சேர்ந்த போர்வை. துண்டுகளை இணைத்துத் தைத்த மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, கீழே அடித்துணி ஆகிய மூன்றையும் ஊடுருவிச் செல்லும் தையலே அவற்றை ஒன்றாகப் பிடித்து வைக்கிறது. எடுத்துக்காட்டாக, ஒற்றைக் கட்டிலுக்குப் பொருந்தும் 60 அங்குல அகலமும் 84 அங்குல நீளமும் கொண்ட ஒரு குவில்ட்டை எடுத்துக்கொள்வோம். அதில் பிளாக் எனப்படும் 12 அங்குலச் சதுர அலகுகள் குறுக்கே நான்கும் நெடுக்கே ஆறுமாக 24 வரும். சுற்றிலும் 6 அங்குல பார்டர் வரும்.

எந்த மென்பொருள்

குவில்ட்டுக்கென்றே உருவான மென்பொருள்களில் அதிகம் பேசப்படுவது எலக்ட்ரிக் குவில்ட். அதன் எட்டாம் பதிப்பு 2017இல் வெளிவந்தது. ஆயிரக்கணக்கான பழைய பிளாக் வடிவங்கள், துணிப் படங்களை நிரப்பிப் பார்க்கும் வசதி, எவ்வளவு துணி வேண்டும் என்ற மதிப்பீடு, வெட்டு அளவுகளின் பட்டியல் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கின்றன. தொடர்ந்து குவில்ட் தைப்பவர்களுக்கு அது செலவுக்குத் தக்க பயன் தரும். ஆனால் முதல் இரண்டு மூன்று குவில்ட்களை இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப் என்ற வரைபட மென்பொருளில் வரைவதையே நான் பரிந்துரைப்பேன். பணம் மிச்சமாவது ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம், ஆயத்தமான ஆயிரம் வடிவங்கள் கண்முன் இருக்கும்போது நம் கை அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதோடு நின்றுவிடுகிறது. வெற்றுப் பக்கத்தில் கட்டம் போட்டுத் தொடங்குபவர் ஒவ்வொரு கோட்டையும் தானே தீர்மானிக்கிறார். உள்பிடிப்புக் கணக்கை ஒருமுறையாவது கையால் போட்டுப் பார்த்தவருக்கு மென்பொருள் தரும் பட்டியலில் தவறு இருந்தால் உடனே கண்ணில் படும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இங்க்ஸ்கேப்பைத் திறந்ததும் ஆவணப் பண்புகளில் அலகை அங்குலத்துக்கு மாற்றிப் பக்க அளவை 60க்கு 84 என்று கொடுங்கள். அடுத்து, செவ்வகக் கட்டம் ஒன்றைச் சேர்த்து அதன் இடைவெளியை 3 அங்குலமாக வையுங்கள். கோலம் போடுபவர்களுக்கு இது பழகிய வேலை: செவ்வகக் கட்டம் என்பது நேர்ப்புள்ளி, அறுகோணங்களும் சாய்சதுரங்களும் வேண்டுமென்றால் ஊடுபுள்ளி வேண்டும், அதற்கு ஆக்சனோமெட்ரிக் என்ற சாய்வுக் கட்டம் இருக்கிறது. வரையும் முனைகள் தாமாகவே கட்டத்தின் புள்ளிகளில் ஒட்டிக்கொள்ளும் வசதியைக் கட்டாயம் இயக்கி வையுங்கள். கண்ணுக்கு ஒட்டியிருப்பதுபோல் தெரிந்து உண்மையில் ஒட்டாமல் நிற்கும் முனைகள் பின்னால் அளவெடுக்கும்போது பெரும் தொல்லை கொடுக்கும்.

தொடக்கத்திலேயே இன்னொன்றையும் சரிசெய்துவிடுங்கள். இங்க்ஸ்கேப் ஒரு வடிவத்தின் அளவைக் காட்டும்போது, அதைச் சுற்றி வரைந்த ஓரக்கோட்டின் தடிமனையும் வழக்கமாகச் சேர்த்தே காட்டும். 3 அங்குலச் சதுரம் என்று நினைத்து வரைந்தது 3.04 என்று காட்டுவதற்கும், பிளாக்குகளை அடுக்கும்போது இடையில் மயிரிழை இடைவெளி தெரிவதற்கும் இதுவே காரணம். விருப்பங்களில் எல்லைப் பெட்டி என்ற இடத்துக்குச் சென்று வடிவியல் எல்லையைத் தேர்ந்தெடுங்கள். வடிவங்களுக்கு ஓரக்கோடே இல்லாமல் நிறத்தை மட்டும் நிரப்புங்கள்.

ஒரு பிளாக்கிலிருந்து தொடங்குதல்

அமெரிக்கக் குவில்ட் மரபில் சாடூத் ஸ்டார் என்று ஒரு நட்சத்திர பிளாக் உண்டு. நான்குக்கு நான்கு கட்டத்தில் அது எளிதாக அமைந்துவிடும். நான்கு மூலைகளிலும் பின்னணி நிறச் சதுரங்கள்; நடுவில் நான்கு கட்டங்கள் சேர்ந்த 6 அங்குலச் சதுரம்; மீதியுள்ள எட்டுக் கட்டங்களும் மூலைவிட்டத்தில் பிரிந்து ஒரு பாதி பின்னணி, மறு பாதி நட்சத்திர நிறம் என்றிருக்கும் இருநிறச் சதுரங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் உள்ள இரண்டு மூலைவிட்டங்களும் நடுச்சதுரத்தின் பக்கத்து மையத்தில் வந்து சந்தித்தால் நட்சத்திரத்தின் கூர்முனைகள் கிடைத்துவிடும். தலைமுறை தலைமுறையாகத் தைத்துவரும் இத்தகைய பிளாக்குகள் பொதுச்சொத்து. யாரும் எடுத்து ஆளலாம். இன்று ஒருவர் வடிவமைத்து விற்கும் பேட்டர்னைத் திரையில் நகலெடுத்து நிறத்தை மட்டும் மாற்றுவது அப்படிப்பட்டதல்ல. அதைச் சொந்த வடிவமைப்பு என்று சொல்லிக்கொள்ளக் கூடாது.

பழைய பிளாக்கிலிருந்து சொந்தமானதற்குப் போகும் வழி மிகச் சிறிய மாற்றங்கள்தான். எட்டு இருநிறச் சதுரங்களில் ஒவ்வொன்றையும் நான்கு திசைகளில் திருப்பலாம் என்பதால், இந்த எட்டை மட்டும் வைத்தே 65,536 விதமான அமைப்புகள் கிடைக்கின்றன. அவற்றில் பல ஒன்றின் கண்ணாடி பிம்பமாகவோ சுழற்றிய வடிவமாகவோ இருக்கும் என்றாலும், எந்தப் புத்தகத்திலும் இல்லாத பிளாக்கை அடைவதற்குப் பெரிய கற்பனை வேண்டியதில்லை என்பது இதிலிருந்து தெளிவு. ஒரு சதுரத்தைத் திருப்பிப் பார்த்து, பிடித்தால் அதன் நகலைப் பக்கத்தில் சேமித்து வைத்துவிட்டு, அடுத்ததைத் திருப்பிப் பாருங்கள். ஒரு மாலைப் பொழுதில் இருபது பிளாக்குகள் சேர்ந்துவிடும்.

நம் எடுத்துக்காட்டுக்கு நான் செய்யும் மாற்றம் ஒன்றே ஒன்று. கீழ் வலது மூலைச் சதுரத்தைப் பின்னணி நிறத்திலிருந்து மாற்றி அழுத்தமான வேறொரு நிறத்தைக் கொடுக்கிறேன். தனி பிளாக்காகப் பார்த்தால் அது ஏதோ தவறுபோலத்தான் தெரியும். இப்போது பிளாக் முழுவதையும் ஒரு தொகுப்பாக்கி, ஆல்ட்டும் டியும் சேர்த்து அழுத்தி அதன் குளோன் ஒன்றை உருவாக்கி வலப்புறம் வைத்து, வலஞ்சுழியாகத் தொண்ணூறு பாகை திருப்புகிறேன். இன்னொரு குளோனை நூற்றெண்பது பாகை திருப்பிக் கீழ் வலதிலும், மற்றொன்றை இருநூற்றெழுபது பாகை திருப்பிக் கீழ் இடதிலும் வைக்கிறேன். தனியே நின்ற நான்கு மூலைகளும் நடுவில் ஒன்றுகூடி 6 அங்குலச் சதுரமாகின்றன. நட்சத்திரங்களுக்கு இடையில் நாம் வரையாத ஒரு வடிவம் எழுந்து நிற்கிறது. இந்த நால்வர் தொகுதியைக் குறுக்கே இரண்டு, நெடுக்கே மூன்று என்று அடுக்கினால் 24 பிளாக்குகளும் நிறைந்துவிடும். வெறுமனே நகலெடுக்காமல் குளோன் செய்வதன் பயன் இங்கே தெரியும்: மூல பிளாக்கில் ஒரு முக்கோணத்தின் நிறத்தை மாற்றினால் இருபத்து நான்கிலும் அந்த நிறம் மாறும். காகிதத்தில் வரைந்து வண்ணம் தீட்டியவர்களுக்கு இதன் அருமை புரியும்.

நிறத்துக்கு முன் வெளிச்சம்

புதியவர்கள் நிறங்களைத் தேர்ந்தெடுப்பதில் மணிக்கணக்காகச் செலவிடுகிறார்கள். வெளிர், நடுத்தரம், அடர்த்தி என்ற வேறுபாட்டைக் கவனிப்பதில்லை. ஆறு அடி தள்ளி நின்று பார்க்கும்போது குவில்ட்டின் வடிவத்தைத் தாங்குவது நிறமல்ல, இந்த வேறுபாடுதான். 1971இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் அமெரிக்கக் குவில்ட்களை ஓவியங்களைப்போலச் சுவரில் மாட்டிக் காட்சிக்கு வைத்தது. கட்டிலில் கிடக்கும் பொருளாக மட்டுமே அவற்றை அறிந்திருந்த பலர் தூரத்திலிருந்து முழு வடிவத்தையும் பார்க்க அது வழிசெய்தது. அந்தத் தூரத்தைத் திரை நமக்கு எளிதாகத் தருகிறது. படத்தை உள்ளங்கை அளவுக்குச் சுருக்கி, பார்வை மெனுவிலுள்ள சாம்பல்நிறத் தோற்றத்துக்கு மாற்றிப் பாருங்கள். நட்சத்திரம் அப்போதும் தெரிந்தால் நிறத்தேர்வு சரி. சிவப்பும் பச்சையும் நேரில் எவ்வளவு மோதினாலும் சாம்பல்நிறத்தில் ஒன்றோடொன்று கரைந்துபோவதை அடிக்கடி காண்பீர்கள். அங்கே ஒன்றை வெளிறச் செய்யுங்கள்.

துணி ஏற்கெனவே கையில் இருந்தால் அதைத் திரைக்குக் கொண்டுவருவது இன்னும் நல்லது. துணியை இஸ்திரி போட்டு, பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் அளவுகோலை வைத்து நேர் மேலிருந்து படமெடுங்கள். அளவுகோல் காட்டும் 6 அங்குலப் பகுதியை மட்டும் கத்தரித்து, இங்க்ஸ்கேப்பில் இறக்கி, அதன் அகலத்தைச் சரியாக 6 அங்குலமாக்கிய பிறகே நிரப்பும் பேட்டர்னாக மாற்றுங்கள். இந்த அளவு ஒத்திசைவு இல்லாவிட்டால் திரையில் சின்னப் பூவாகத் தெரிந்தது துணியில் 3 அங்குல முக்கோணத்துக்குள் பாதி இதழாக மட்டுமே விழும். சுங்குடிப் புள்ளியும் பொடிக் கட்டமும் சிறு துண்டுகளுக்கு நன்றாக அமைகின்றன. பெரிய பூக்களும் மாங்காய் வடிவங்களும் நடுவிலுள்ள 6 அங்குலச் சதுரத்துக்கு ஏற்றவை. கையிலுள்ள துணியிலிருந்து தொடங்குவதை யாரும் குறைவாக நினைக்க வேண்டாம். அலபாமாவின் ஜீஸ் பெண்ட் பகுதிப் பெண்கள் நைந்த வேலையுடுப்புகளைக் கிழித்துத் தைத்த குவில்ட்கள் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அவற்றின் வடிவமே அந்தக் கால்சட்டைத் துண்டுகளின் நீள அகலத்திலிருந்து பிறந்ததுதான்.

வெட்டு அளவுக் கணக்கு

சதுரத்துக்கும் செவ்வகத்துக்கும் கணக்கு எளிது. முடிந்த அளவோடு அரை அங்குலத்தைக் கூட்ட வேண்டும். ஒவ்வொரு பக்கமும் கால் அங்குல உள்பிடிப்பு. ஆகவே மூலைச் சதுரங்கள் மூன்றரை அங்குலம். நடுச்சதுரம் ஆறரை அங்குலம், அதை நான்காக வெட்டாமல் ஒரே துண்டாக வெட்டுவதே நல்லது. இருநிறச் சதுரத்துக்கு வேறு கணக்கு. சதுரத்தை மூலைவிட்டத்தில் வெட்டினால் சாய்ந்த பக்கத்தின் உள்பிடிப்பு இரு முனைகளிலும் நீண்டுபோவதால், கூட்ட வேண்டியது அரை அங்குலமல்ல, ஏறத்தாழ 0.854 அங்குலம். கோலில் அளக்க வசதியாக அதை எட்டில் ஏழு பங்கு என்று வைத்துக்கொள்கிறார்கள். 3 அங்குல இருநிறச் சதுரத்துக்கு மூன்றே முக்காலே அரைக்கால் அங்குலச் சதுரத்தை வெட்ட வேண்டும் என்ற விதி இப்படித்தான் வந்தது. பின்ன வாய்ப்பாடு படித்த நம் முந்தைய தலைமுறைக்கு முக்காலே அரைக்கால் பிள்ளை விளையாட்டு.

நான் அந்த அளவுக்கு வெட்டுவதில்லை. முழுசாக 4 அங்குலச் சதுரமாக வெட்டித் தைத்து, பிறகு மூன்றரைக்குச் சீவிவிடுகிறேன். வெளிர்த் துணியின் சதுரத்தையும் நட்சத்திரத் துணியின் சதுரத்தையும் நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்குமாறு வைத்து, மூலைவிட்டத்தைப் பென்சிலால் வரைந்து, கோட்டின் இருபுறமும் கால் அங்குலம் தள்ளித் தைத்து, கோட்டின்மேல் வெட்டினால் இரண்டு இருநிறச் சதுரங்கள் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் அரைக்கால் அங்குலம் மிஞ்சும். சீவும்போது அளவுகோலின் நாற்பத்தைந்து பாகைக் கோட்டைத் தையலின்மேல் வைத்துக்கொண்டால் மூலை பிசகாது. ஒரு பிளாக்குக்கு எட்டு என்று 192 துண்டுகளைச் சீவுவது பொறுமையைக் கேட்கும் வேலைதான். ஆனால் கூர்முனைகள் மழுங்காமல் வருவதற்கு நான் அறிந்த மிக உறுதியான வழி இதுவே.

இப்போது துணியின் அளவு. 44 அங்குல அகலத் துணியில் கரையை நீக்கினால் 42 அங்குலம் பயன்படும் என்று கொள்வோம். 192 இருநிறச் சதுரங்களுக்கு ஒவ்வொரு நிறத்திலும் 96 சதுரங்கள் வேண்டும். 4 அங்குலப் பட்டையில் பத்து வரும் என்பதால் பத்துப் பட்டைகள், அதாவது 40 அங்குலம். நட்சத்திரத் துணிக்கு ஒன்றேகால் மீட்டர் போதும். பின்னணித் துணியில் இதே 40 அங்குலத்தோடு 72 மூலைச் சதுரங்களும் சேரும். கணக்குப்படி பட்டைக்குப் பன்னிரண்டு வர வேண்டும். ஆனால் பன்னிரண்டும் சேர்ந்தால் மிகச் சரியாக 42 அங்குலம், கோணலுக்கு இடமே இல்லை. பதினொன்று என்று கொண்டால் ஏழு பட்டைகள், இருபத்து நாலரை அங்குலம். மொத்தம் அறுபத்து நாலரை அங்குலம்; சுருக்கத்துக்கும் சேர்த்து 2 மீட்டர் வாங்குங்கள். நடுச்சதுரங்கள் 24க்கு நான்கு பட்டைகள், 26 அங்குலம். அழுத்தமான மூலைகள் 24க்கு மூன்று பட்டைகள், பத்தரை அங்குலம். பார்டருக்கு ஆறரை அங்குலப் பட்டைகள் ஏழு, நாற்பத்து ஐந்தரை அங்குலம். குவில்ட்டின் விளிம்பை மூடித் தைக்கும் ஓரப்பட்டிக்கு இரண்டரை அங்குலப் பட்டைகள் எட்டு, 20 அங்குலம். அடித்துணி மேல்துணியைவிட ஒவ்வொரு பக்கமும் 4 அங்குலம் பெரிதாக, 68க்கு 92 இருக்க வேண்டும் என்பதால் 92 அங்குல நீளத்தில் இரண்டு துண்டுகளைப் பக்கவாட்டில் இணைக்க வேண்டிவரும். ஏறக்குறைய நாலே முக்கால் மீட்டர். பஞ்சு விரிப்பும் அதே 68க்கு 92 அளவு. நம் கடைகளில் பாப்ளின் துணி 36 அங்குல அகலத்திலும் கிடைக்கிறது. அதை வாங்கினால் 4 அங்குலச் சதுரங்கள் பட்டைக்கு எட்டு மட்டுமே வரும், பத்துப் பட்டைகளுக்குப் பதில் பன்னிரண்டு வேண்டும். துணியின் அகலத்தை அளந்து பார்த்த பிறகே கணக்கை முடியுங்கள்.

அச்சிட நேர்ந்தால்

நம் வடிவமைப்பில் சதுரங்களும் இருநிறச் சதுரங்களும் மட்டுமே இருப்பதால் காகித அச்சு தேவையில்லை. கோலும், ரோட்டரி கட்டர் என்ற உருளும் வட்டக் கத்தியும் போதும். இதழ், வைரம், ஒழுங்கற்ற முக்கோணம் போன்றவை வரும்போது வடிவத்தை அச்சிட்டு, அட்டையில் ஒட்டி வெட்டிக்கொள்ள வேண்டும். என் இரண்டாவது குவில்ட்டில், ஆவணத்தின் பக்க அளவு அமெரிக்க லெட்டராக இருந்ததை நான் கவனிக்கவில்லை. ஏ4 தாளில் அடங்கும்படி அச்சுப்பொறி படத்தைத் தானே 97 சதவீதமாகச் சுருக்கிவிட்டது. 6 அங்குலமாக இருக்க வேண்டிய இதழ் 5.84 அங்குலமாக வந்தது. கண்ணால் பார்த்தால் வேறுபாடு தெரியாது. ஐம்பது இதழ்களையும் வெட்டி, பின்னணியோடு பொருத்தப் போனபோதுதான் எதுவும் எதோடும் சேரவில்லை என்று கண்டேன். அந்தத் துணி மீண்டும் கிடைக்கவே இல்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு தாளின் மூலையிலும் ஓர் அங்குலச் சதுரத்தை வரைந்துவிடுகிறேன். அச்சிட்டதும் அதை இரும்புக் கோலால் அளக்கிறேன். சரியாக இருந்தால்தான் கத்தரியை எடுக்கிறேன். அச்சு அமைப்பில் பக்கத்துக்குப் பொருத்து என்ற தேர்வை நீக்கி, நூறு சதவீதம் என்று நீங்களே கொடுக்க வேண்டும்.

காகிதத்தின்மேலேயே துணியை வைத்துத் தைக்கும் முறையைக் கையாள்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். அச்சிட்ட பக்கத்தில் தையல் ஓடும். துணி மறுபக்கத்தில் இருக்கும். எனவே கிடைக்கும் பிளாக் வரைபடத்தின் கண்ணாடி பிம்பமாக அமையும். எழுத்தோ பறவையோ ஒரு திசை நோக்கிய வடிவமாக இருந்தால், அச்சிடும் முன் படத்தை இடவலமாகப் புரட்டிவிடுங்கள். இங்க்ஸ்கேப்பில் ஹெச் விசை ஒன்றே போதும். காகிதம் எளிதில் கிழிய வேண்டும் என்பதற்காகத் தையலின் நீளத்தை ஒன்றரை மில்லிமீட்டராகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

துணியும் தையலும்

துணிகளை வெட்டும் முன் துவைத்துவிடுங்கள். பருத்தி சுருங்கும், அடர்சிவப்பும் கருநீலமும் சாயம் விடும். ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பார்த்து, நிறம் ஒட்டினால் அந்தத் துணியை வெளிர் நிறங்களோடு சேர்க்காதீர்கள். துவைத்ததைச் சோற்றுக் கஞ்சியில் நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டால் துணி காகிதம்போல் நிற்கும். மூலைவிட்டத்தில் வெட்டும் ஓரம் நேர்நூலில் இல்லாததால் கைபட்டாலே நீண்டுவிடும். அதைக் கட்டுப்படுத்தக் கஞ்சியைப்போல் உதவுவது வேறில்லை.

அடுத்தது கால் அங்குலத் தையல். எல்லாக் கணக்கும் இதன்மேல்தான் நிற்கிறது. வீட்டிலுள்ள சாதாரணத் தையல் இயந்திரமே போதுமானது. ஊசியைக் கீழே இறக்கி, ஊசிக்கு வலப்புறம் கால் அங்குலத்தை அளந்து, அந்த இடத்தில் தட்டின்மேல் தடித்த டேப் துண்டு ஒன்றை ஒட்டுங்கள். துணியின் ஓரம் அந்த மேட்டில் உரசியபடியே நகர வேண்டும். பிறகு ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று துண்டுகளை வெட்டிப் பக்கம் பக்கமாகத் தைத்து, இஸ்திரி போட்டு, நடுத்துண்டை அளந்து பாருங்கள். அது மிகச் சரியாக ஓர் அங்குலம் இருக்க வேண்டும்; மொத்த அகலம் மூன்றரை. நடுத்துண்டு குறைவாக இருந்தால் டேப்பை ஊசியின் பக்கமாக ஒரு நூலிழை நகர்த்துங்கள். பெரும்பாலும் குறைவாகத்தான் இருக்கும், ஏனென்றால் தையலை மடித்துத் தேய்க்கும்போது மடிப்பும் கொஞ்சம் துணியைத் தின்னும். அற்பமான வேறுபாடு என்று விட்டுவிடக் கூடாது. உள்பிடிப்பு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடினால், இரு பக்கத் துண்டுகளும் சேர்ந்து ஒவ்வொரு தையலுக்கும் அரைக்கால் அங்குலம் போகும். நம் குவில்ட்டின் குறுக்கே மேல்வரிசையில் பதினைந்து தையல்கள் வருகின்றன; 48 அங்குலத்தில் ஏறத்தாழ 2 அங்குலம் காணாமல் போய், வரிசைக்கு வரிசை கோணலாகிவிடும்.

ஒவ்வொரு பிளாக்கையும் மூன்று வரிசைகளாகத் தையுங்கள். மேல்வரிசையிலும் கீழ்வரிசையிலும் நான்கு துண்டுகள். நடுவரிசையில் இருபுறமும் இரண்டிரண்டு இருநிறச் சதுரங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக இணைத்து, அவற்றுக்கிடையே 6 அங்குலச் சதுரம். மேல், கீழ் வரிசைகளின் தையல்களை மூலைச் சதுரத்தின் பக்கமாகவும், நடுவரிசையின் தையல்களை நடுச்சதுரத்தின் பக்கமாகவும் சாய்த்துத் தேயுங்கள். வரிசைகளைச் சேர்க்கும்போது எதிரெதிராகச் சாய்ந்த அந்த இரண்டு மேடுகளும் ஒன்றோடொன்று கொக்கிபோல் பூட்டிக்கொள்வதை விரல்நுனியால் உணரலாம். அந்த இடத்தில் குண்டூசி குத்திவிட்டுத் தைத்தால் சந்திப்பு பிசகாது. இஸ்திரிப் பெட்டியை இழுக்காமல் தூக்கித் தூக்கி வையுங்கள். முதல் பிளாக் முடிந்ததும் அளந்து பாருங்கள்: பன்னிரண்டரை அங்குலம் இருந்தால் மீதி இருபத்து மூன்றையும் தொடங்கலாம், இல்லாவிட்டால் டேப்பை மீண்டும் பாருங்கள்.

பிளாக்குகளைத் தரையில் பரப்பி அடுக்கும்போது திரையிலுள்ள படத்தை அச்செடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிளாக் திசை மாறினாலும் மூலைகள் கூடும் சதுரம் உடைந்துவிடும். அடுக்கியதைக் கைப்பேசியில் படமெடுத்து அதே சாம்பல்நிறத்தில் பார்த்தால், நேரில் கண்ணுக்குத் தப்பிய பிழை பெரும்பாலும் அகப்பட்டுவிடும். ஒவ்வொரு பிளாக்கின் பின்னாலும் வரிசை எண்ணையும் இட எண்ணையும் ஒரு சிறு காகிதத்தில் எழுதிக் குத்திவிட்டுத்தான் இயந்திரத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.

மூன்று அடுக்குகள்

அடித்துணியைத் தலைகீழாகத் தரையில் விரித்து, இறுக்கமாக, ஆனால் இழுபடாமல், ஓரங்களை டேப்பால் ஒட்டி, அதன்மேல் பஞ்சு விரிப்பையும் மேல்துணியையும் பரப்புங்கள். நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி 4 அங்குலத்துக்கு ஒன்று என்று ஊக்கு குத்துங்கள். நம் வெயிலுக்கு மெல்லிய பருத்தி விரிப்பே ஏற்றது. தடித்த பாலியஸ்டர் விரிப்பு மலிவு என்றாலும் இயந்திரத்தில் தைப்பது கடினம், இரவில் புழுக்கமாகவும் இருக்கும். பஞ்சு விரிப்பே கிடைக்காவிட்டால் பழைய பருத்திச் சேலை இரண்டை மடித்து நடுவில் வைக்கலாம். அப்படித் தைத்த போர்வைகள் நம் வீடுகளில் புதிதல்ல.

குவில்டிங் தையலையும் திரையில் முன்கூட்டியே வரைந்து பார்ப்பது பயன் தரும். தனி லேயர் ஒன்றைச் சேர்த்து, மெல்லிய கோடுகளால் தையல் போகும் பாதையை வரையுங்கள். எங்கே நெருக்கம் கூடுகிறது, எங்கே வெற்றிடம் தங்குகிறது என்பது உடனே தெரியும். முதல் குவில்ட்டுக்கு இருநிறச் சதுரங்களின் மூலைவிட்டங்களையே நீட்டி, குவில்ட் முழுவதும் சாய்வான நேர்கோடுகளாக ஓட்டுவதைப் பரிந்துரைக்கிறேன். குறி இடத் தனியாக எதுவும் வேண்டியதில்லை. துணியிலுள்ள சந்திப்புகளே வழிகாட்டும். இயந்திரத்தில் மேல்துணியையும் சேர்த்து நகர்த்தும் வாக்கிங் ஃபுட் என்ற அழுத்துகால் இருந்தால் மூன்று அடுக்குகளும் ஒரே வேகத்தில் நகரும், சுருக்கம் விழாது. அது இல்லாவிட்டால் கையால் ஓட்டுத்தையல் போடலாம். வங்காளத்தின் காந்தா போர்வை பெரும்பாலும் அந்த ஒரு தையலால் ஆனது. தையலை எப்போதும் நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாகக் கொண்டுசெல்லுங்கள்.

ஓரங்களைச் சதுரமாகச் சீவிய பிறகு ஓரப்பட்டி. இரண்டரை அங்குலப் பட்டைகளைச் சாய்வாக இணைத்து, நீளவாக்கில் இரண்டாக மடித்துத் தேய்த்து, மடிக்காத ஓரங்கள் குவில்ட்டின் ஓரத்தோடு சேருமாறு முன்பக்கத்தில் வைத்துத் தையுங்கள். ஓரம் நேராக இருப்பதால் நேர்நூலில் வெட்டிய பட்டை போதும். வளைந்த ஓரத்துக்குத்தான் குறுக்கு வெட்டு தேவை. மூலைக்குக் கால் அங்குலம் முன்பே தையலை நிறுத்தி, பட்டியை மேல்நோக்கிச் சாய்வாக மடித்து, பிறகு அடுத்த ஓரத்தோடு சேரக் கீழ்நோக்கி மடித்துத் தொடர்ந்தால் மூலை கச்சிதமாக அமையும். பின்பக்கம் திருப்பி, கையால் ஹெம்மிங் செய்துவிடுங்கள். அடித்துணியின் ஒரு மூலையில் சிறு துணித்துண்டைத் தைத்து, அழியாத மையில் தைத்தவரின் பெயர், ஆண்டு, ஊர் ஆகியவற்றோடு கணினியில் அந்த வடிவமைப்பைச் சேமித்த கோப்பின் பெயரையும் எழுதி வைப்பது என் வழக்கம். சில ஆண்டுகள் கழித்து ஒரு பிளாக் நைந்துபோனால், அதே அளவில் இன்னொன்றை வெட்டுவதற்கு அந்தக் கோப்பைத்தான் திறக்க வேண்டியிருக்கும்.